பெண் பார்க்கப் போன பென்டிரைவ்

பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பிக்கு முன்னால் கம்ப்யூட்டர் வந்தது.

புவனேசன் சோபாவில் இன்னும் முழுதாக உட்காரக்கூட இல்லை. வீட்டுக்காரர் அய்யாவு உள்ளறைக்குப் போய், ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துத் தூக்கி வந்தார். டிவிக்குப் பக்கத்து மேசையில் இருந்த மானிட்டரோடு அதை இணைத்தார்.

"இதான் தம்பி ஆளு. ஒரு மாசமா எந்திரிக்க மாட்டேங்குது. புது விண்டோஸும் இதுல ஏறாதாம். சும்மா கெடைக்குதே லினக்ஸு, அதைப் போட்டா ஓடும்னு பாப்பா சொல்லுது. உள்ள இருந்ததெல்லாம் பாப்பா எடுத்து வச்சிருச்சு, நீங்க தைரியமா போடலாம்."

புவனேசன் பாதி உட்கார்ந்தபடியே அந்தப் பெட்டியைப் பார்த்தான்.

அவனுக்கு வயது முப்பத்து நாலு. இதற்கு முன் பார்த்த பெண் வீட்டார் எல்லோரும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் எதையும் சொல்லி அனுப்பவில்லை. ஆகவே இந்த முறை பாடாங் செராயிலிருந்து காளியம்மா அத்தை ஒரு சின்ன உத்தி செய்தாள். பையன் கம்ப்யூட்டர் எஞ்சினியர் என்று சொல்லிவிட்டாள். அதில் கம்ப்யூட்டர் மட்டும் உண்மை. கூலிமில் ஒரு தொழிற்சாலையின் ஐடி பிரிவில்தான் இருந்தான். பிரிண்டருக்கு மை மாற்றுவான். மறந்துபோன பாஸ்வேர்டுக்குப் புதியது போட்டுக் கொடுப்பான். மற்ற எல்லாவற்றுக்கும் 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க' என்பான். பத்து வருஷமாக அதுவே போதுமானதாக இருந்தது.

"முதல்ல நீ மட்டும் போ. சும்மா கோப்பி குடிக்கப் போற மாதிரி போய் பொண்ணைப் பாரு. புடிச்சா அப்புறம் பெரியவங்க நாங்க வர்றோம்," என்றிருந்தாள் அத்தை. கூட்டமாகப் போய் கூட்டமாக மானம் போவதில் அவளுக்கும் சலிப்பு வந்திருந்தது. வழியை வாய்ஸ் மெசேஜில் அனுப்பினாள். மெர்கோங், பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தாமான் குடியிருப்பு, நீல கேட், வாசலில் செம்பருத்தி, உள்ளே வெள்ளை மைவி கார். எல்லாம் சொன்னபடியே இருந்தது. கேட்டுக்கு வந்த அய்யாவு அவனை ஏற இறங்கப் பார்த்து, "கம்ப்யூட்டர் தம்பிதானே? வாங்க வாங்க, எப்ப வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கோம்," என்றபோது, அத்தையின் பொய் தனக்கு முன்பாகவே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது புவனேசனுக்குத் தெரிந்தது.

"போன ஞாயித்துக்கிழமையே வருவீங்கன்னு பாத்தோம்," என்றார் அய்யாவு, ஒயர்களைச் சொருகிக்கொண்டே.

"அன்னைக்கு அஷ்டமி அங்கிள்."

அய்யாவு ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மனைவியிடம், "கேட்டியா? இந்தக் காலத்துலயும் நாள் நட்சத்திரம் பாக்குற பிள்ளைங்க இருக்கு," என்றார்.

அந்த அம்மாள் அவன் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழப் பையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றிருந்தார். "பழமெல்லாம் எதுக்குப்பா? இதுவரைக்கும் யாரும் இப்படி வந்ததில்ல."

முன்னால் வந்த மாப்பிள்ளைகள் சுத்தக் கஞ்சர்கள் போலிருக்கிறது என்று புவனேசன் நினைத்துக்கொண்டான். "வெறுங்கையோட வரக்கூடாதுல்ல ஆண்ட்டி," என்றான்.

அய்யாவுவின் பார்வை அவன் கார்ச் சாவியின் மேல் விழுந்தது. அதில் ஒரு பென்டிரைவ் தொங்கியது. "சாமானோடதான் வந்திருக்கீங்க," என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

அது அவனோடு வேலை செய்யும் ரஃபேல் கொடுத்தது. உள்ளே லினக்ஸ் இருந்தது. கையில் இருந்தால் எஞ்சினியர் களை வரும் என்று ஒரு வருஷமாகத் தொங்கவிட்டிருந்தான். களை வந்ததோ இல்லையோ, இப்போது வினை வந்துவிட்டது. தெரியாது என்று சொன்னால் சம்பந்தம் வாசலோடு முடியும். தெரியும் என்று சொன்னால் மேசையோடு முடியும். மேசை கொஞ்சம் தூரத்தில் இருந்ததால் புவனேசன் அதையே தேர்ந்தெடுத்தான்.

"பார்த்துரலாம் அங்கிள்," என்றான்.

பென்டிரைவைச் சொருகி பெட்டியை ஆன் செய்ததும் திரையில் இரண்டே வரிகள் வந்தன. படங்களோடு நிறுவுவதா, வெறும் எழுத்தில் நிறுவுவதா என்று கேட்டது.

"படத்தையே போடுங்க தம்பி. கண்ணுக்குத் தெரியணும்ல," என்றார் அய்யாவு.

"எழுத்தைப் போடு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

கால்பந்துச் சட்டையும் கைலியுமாக ஒருவர் வந்து நின்றார். பரஞ்சோதி. அய்யாவுவின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும் ஓடிய காலத்துக் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்திய ஆள் என்று அய்யாவு அவரை அறிமுகப்படுத்தினார். அந்த அறிமுகத்தில் மரியாதையைவிடச் சலிப்பு அதிகம் இருந்தது.

பெண்ணுக்குத் தாய்மாமன். புவனேசன் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தான். பெண்ணின் அப்பா சரி என்றாலும் தாய்மாமன் முகம் சுளித்தால் மாலை ஏறாது. இது யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிய வேண்டியதில்லை.

"படம் காட்டுறவனுக்குத்தான் தம்பி படம் வேணும்," என்றார் பரஞ்சோதி. "வேலை தெரிஞ்சவனுக்கு எழுத்து போதும். படத்தை நம்பிப் போறே. இந்தப் பழைய பெட்டி படத்தைத் தாங்கலன்னா திரை இருட்டாயிரும். அப்ப என்ன செய்வே? எழுத்து எந்தப் பெட்டியிலயும் வரும்."

"ஏன்யா, எல்லாருக்கும் மந்திரம் தெரியாதுன்னுதானே கோயில்ல சாமிக்கு உருவம் வச்சான்?" என்றார் அய்யாவு. "அதே மாதிரிதான் இதுவும். பாத்தவுடனே புரியணும்."

"உருவம் வச்சான் சரி. ஐயர் என்ன படமா காட்டுறாரு? மந்திரம்தானே சொல்றாரு?"

"அவரு சொல்றது உனக்குப் புரியுதா?"

"எனக்கு எதுக்குப் புரியணும்? சாமிக்குப் புரிஞ்சா போதும். அதே மாதிரி பெட்டிக்குப் புரிஞ்சா போதும்."

இருவரும் புவனேசனைப் பார்த்தார்கள். அவன் திரையைப் பார்த்தான். இது கம்ப்யூட்டர் கேள்வி இல்லை, மாமனாரா தாய்மாமனா என்ற கேள்வி என்று அவனுக்கு நன்றாகப் புரிந்தது. மாமனாரைப் பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம். தாய்மாமனை முதலிலேயே சம்பாதித்துவிட வேண்டும்.

எழுத்தை அழுத்தினான். வாழ்க்கையில் ஒருமுறைகூட அவன் அதை அழுத்தியதில்லை.

திரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் எழுத்துகள் வந்தன. புவனேசன் பழக்கத்தில் மௌஸை நகர்த்தினான். ஒன்றும் நகரவில்லை.

"எலி செத்துப்போச்சா?" என்று அந்த அம்மாள் கவலையோடு கேட்டார்.

"இதுல எலியே கிடையாதுக்கா," என்றார் பரஞ்சோதி பெருமையாக.

புவனேசன் அம்புக்குறியை அழுத்தினான், என்டரைத் தட்டினான். அடுத்த பக்கம் வந்தது. மறுபடி தட்டினான், முதல் பக்கம் வந்தது. இன்னொரு முறை தட்டியதில் இரண்டாம் பக்கம் வந்து, அடுத்த தட்டில் மீண்டும் முதல் பக்கத்துக்கே போனது. 'பின்னே செல்' என்ற சொல்லின் மேல் நின்றுகொண்டு தட்டுகிறோம் என்பது அவனுக்கு விளங்க வெகுநேரம் ஆயிற்று.

"பாத்துக்க மச்சான்," என்றார் பரஞ்சோதி. "ஒவ்வொண்ணையும் திரும்பப் போய் சரிபாக்குறாரு. தொழில் சுத்தம்."

புவனேசனுக்கு உள்ளே குளிர்ந்தது. ஒரு வழியாக முன்னேறினான். பாஸ்வேர்டு வைக்கச் சொல்லி ஒரு கட்டம் வந்தது. தட்டினான், கட்டத்துக்குள் ஒன்றும் தெரியவில்லை. எழுத்தும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. இன்னும் பலமாகத் தட்டினான். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை.

"கீபோர்டு போச்சு போலிருக்கு அங்கிள்."

வேறு கீபோர்டு வந்தது. அதில் பெருங்காய வாசம் அடித்தது. எதற்காக அடித்தது என்று அவன் கேட்கவில்லை. அதிலும் தட்டினான், பயனில்லை.

"எழுத்து தெரியாது தம்பி," என்றார் பரஞ்சோதி. இந்த முறை குரலில் ஒரு சந்தேகம் இருந்தது. "பாதுகாப்புக்காக மறைச்சு வச்சிருக்கான். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் மாமா. கீபோர்டைத்தான் டெஸ்ட் பண்ணேன்."

மாமா என்று கூப்பிட்டதும் பரஞ்சோதி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உரிமை எடுத்துக்கொள்வது சீக்கிரமோ என்று புவனேசன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அதற்குள் பெட்டி அதே பாஸ்வேர்டை மறுபடி கேட்டது. இதுவரை தட்டியது எத்தனை எழுத்து, எந்தெந்த எழுத்து என்று அந்தப் பெட்டிக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரியும். அவன் எதைத் தட்டினாலும் பொருந்தவில்லை என்று முதலிலிருந்து கேட்டது. மறுபடியும் அதையே செய்தான், அதுவும் அதையே சொன்னது.

"பாவம், படத்துலயே போடட்டுமே," என்றது ஒரு பெண் குரல்.

புவனேசன் திரும்பினான். பெண் வந்திருந்தாள்.

ரத்ததான முகாமில் கொடுத்த பழைய டீசட்டை, வீட்டுக் கால்சட்டை, தூக்கிச் செருகிய கொண்டை. கையில் தட்டு, தட்டில் பால் விடாத கோப்பி ஓவும் கிரீம் கிராக்கர்ஸ் பிஸ்கட்டும். பட்டுப் புடவை இல்லை, மல்லிகைப்பூ இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டு வரவும் இல்லை. நேராக வந்து தட்டை வைத்துவிட்டு நேராகத் திரையைப் பார்த்தாள். எத்தனையோ வீட்டில் எத்தனையோ பட்டுப் புடவையைப் பார்த்து அலுத்திருந்த புவனேசனுக்கு அந்த டீசட்டையைப் பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. வேஷமே போடாத குடும்பம். தான் ஒருவன்தான் வேஷம் போட்டு வந்திருக்கிறோம் என்று கூச்சமாக இருந்தது.

பெயர் சாந்தினி என்று அத்தை சொல்லியிருந்தாள். இங்கே எல்லோரும் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். கல்யாண வயதுப் பெண்ணைப் பாப்பா என்று கூப்பிடாத தமிழ் வீடு கெடா மாநிலத்தில் ஏது?

"உனக்கு என்ன தெரியும்?" என்றார் பரஞ்சோதி.

"தினம் இதே வேலை செய்யிறவங்களுக்கு எழுத்து சரி மாமா. கை பழகிரும், விறுவிறுன்னு போயிருவாங்க. வீட்டுல இருக்குறவங்க ஆயுசுக்கு ஒரு தடவதானே இதைச் செய்யிறோம்? ஒரு தடவைக்கு எதுக்கு மனப்பாடம் பண்ணணும்? படம் இருந்துட்டுப் போகட்டும். படம் வரலன்னா கீழ எழுத்து இருக்கட்டும். ரெண்டும் இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?"

அவள் சொன்னது நியாயமாக இருந்தது என்பது மட்டும் இல்லை, அவள் சொன்னதாகவும் இருந்தது. புவனேசன் அந்தக் கணமே கட்சி மாறினான்.

"பாப்பா சொல்றதுதான் சரி," என்றான்.

அய்யாவு வெற்றிச் சிரிப்போடு ஒரு கிரீம் கிராக்கரை எடுத்து அவனிடம் நீட்டினார். "நான் அப்பவே சொன்னேன். ஆமா தம்பி, ஒண்ணு கேக்கணும். நீங்க என்ன எதிர்பார்க்குறீங்க? முன்னாடியே பேசிக்கிட்டா நல்லதுல்ல."

"ஐயோ அங்கிள், ஒண்ணுமே வேணாம். காசு வாங்குற பழக்கமே எங்க குடும்பத்துல கிடையாது."

அய்யாவு நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் இன்னும் இரண்டு கிரீம் கிராக்கரைத் தட்டில் வைத்தார். பரஞ்சோதிக்கு மட்டும் முகம் இறுகியிருந்தது. காசு வாங்காதவன் எப்படி வேலை பார்ப்பான் என்பது போல அவனைப் பார்த்தார்.

பெட்டியை அணைத்துத் திரும்பவும் ஏற்றி, இம்முறை படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பளிச்சென்று வண்ணத்தில் வந்தது. மௌஸ் நகர்ந்தது. பெரிய பொத்தான்கள். புவனேசனுக்குப் போன உயிர் திரும்பியது. வரிசையாகத் தட்டிக்கொண்டே போனான். "பாத்தியா, எவ்ளோ லேசு," என்று அய்யாவு பொதுவாகச் சொன்னார், பரஞ்சோதியின் காதில் விழும்படி.

அடுத்து உலகப்படம் வந்தது. எங்கே இருக்கிறீர்கள், தொட்டுக் காட்டுங்கள் என்றது.

புவனேசன் மலேசியாவைத் தேடினான். அய்யாவு எழுந்து வந்து திரையின் மேலேயே விரலை வைத்து, "இங்க தம்பி, கெடா இங்க, மேல, இன்னும் கொஞ்சம் மேல," என்றார். அந்தப் படத்தில் கெடா ஒரு கடுகு அளவு இருந்தது. மௌஸோ பழைய மௌஸ், ஒரு அங்குலம் நகர்த்தினால் நாலு அங்குலம் குதித்தது. புவனேசன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கெடாவைத் தொட்டான்.

பாங்காக் என்றது.

மறுபடி தொட்டான். மறுபடியும் பாங்காக். கொஞ்சம் கீழே இறக்கித் தொட்டான். கடலைக் கடந்து சுமத்ராவில் மேடானுக்குப் போனது. பதறி மேலே தூக்கினான். பாங்காக்.

"எழுத்தா இருந்திருந்தா 'எம்' வரிசையில மலேசியாவ எடுத்துட்டுப் போயிருக்கலாம்," என்றார் பரஞ்சோதி. "எங்க தாத்தா கப்பல் ஏறி வந்தது கெடாவுக்கு, பாங்காக்குக்கு இல்ல."

"ஒரு காலத்துல கெடா சியாம்காரன்கிட்டதானே இருந்துச்சு," என்று அய்யாவு சமாளித்தார். "மெஷினுக்குப் பழைய ஞாபகம் இருக்கும்."

புவனேசன் சிரித்துவிட்டான். சிரித்ததில் மௌஸ் குதித்தது, விரல் அழுந்தியது. அம்பு போய் நின்ற இடத்தில் 'தொடர்' என்ற பொத்தான் இருந்தது.

திரை ஒருமுறை சிமிட்டியது. திரும்பி வந்தபோது எல்லா எழுத்தும் தாய் மொழியில் இருந்தது. தாய்மொழி இல்லை, தாய்லாந்துக்காரர்களின் மொழி. கீபோர்டில் 'ஏ' தட்டினாலும் 'பி' தட்டினாலும் குட்டிக் குட்டியாகச் சுழித்துக்கொண்டு வேறு எதுவோ வந்தது. மூலையில் வருஷம் இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் என்று காட்டியது. அவர்கள் புத்தர் கணக்கு.

"அப்ப நம்ம யாருமே உசுரோட இல்லையே," என்றார் அந்த அம்மாள். பிறகு யோசித்து, "பெண்டாங் பக்கம் சியாம் கோயில்ல சாமியாரு இருக்காரு. போட்டோ எடுத்துட்டுப் போய் கேட்டுப் பாக்கலாமா?" என்றார்.

"சபார் லா அம்மா, கொஞ்சம் பொறுங்க," என்றாள் பாப்பா. தன் போனை எடுத்து, கேமராவைத் திரைக்கு முன்னால் பிடித்தாள். போன் தாய் எழுத்தைத் தமிழாக்கிக் காட்டியது. "நான் படிக்கிறேன், நீங்க அழுத்துங்க."

இப்படியாகப் புவனேசனும் அவளும் ஒரே திரைக்கு முன்னால் தோளோடு தோள் நிற்க நேர்ந்தது. அவள் போனைப் பிடித்திருந்தாள், அவன் மௌஸைப் பிடித்திருந்தான். புவனேசன் அப்போது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தான். கம்ப்யூட்டர் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை, இந்த மொழிபெயர்ப்பு சாயங்காலம் வரை முடியாமல் இருந்தால் போதும் என்று தோன்றியது.

"முதல் பொத்தான், 'மரியாதையுடன் திரும்புக'," என்று படித்தாள்.

"ரெண்டாவது?"

"'பிரிவினையைத் தாங்களே செய்துகொள்க'."

"கூட்டுக் குடும்பத்துக்கு ஆகாது," என்றான் புவனேசன். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"மூணாவது, 'தட்டைத் துடைத்து உள்ளே வாருங்கள்'."

அவள் சிரித்ததில் கை ஆடியது. கை ஆடியதில் போனில் தெரிந்த தமிழ் இரண்டு பொத்தான் இடம் தள்ளிப் போய் உட்கார்ந்தது. புவனேசன் 'மரியாதையுடன் திரும்புக' என்று நம்பி அழுத்தியது மரியாதையும் இல்லை, திரும்பவும் இல்லை; அது டிஸ்க் என்ற தட்டைத் துடைக்கும் பொத்தான். ஒரு பட்டை வேகமாக நிறைந்தது. பாதியில் பெட்டி ஒருமுறை இருமியது, அப்புறம் எல்லாம் அணைந்தது.

கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னியது.

புவனேசன் தனக்குத் தெரிந்த கடைசி வித்தையைச் செய்தான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினான். பென்டிரைவைப் பிடுங்கித் திரும்பவும் சொருகினான். கோடு மின்னியது.

"இப்ப படமும் இல்ல, எழுத்தும் இல்ல," என்றார் பரஞ்சோதி. "ரெண்டு கட்சியும் டெபாசிட் காலி."

"எல்லாம் உன்னாலதான். முதல்லயே படத்துல போட்டிருந்தா தம்பி குழம்பியிருக்காது," என்றார் அய்யாவு.

"படத்துல போட்டுத்தான் நாடு கடந்து போனோம்."

"நீ வாய மூடு."

"மச்சான், அக்கா முகத்துக்காகப் பாக்குறேன்."

அந்த அம்மாள் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். உள்ளே யாரிடமோ பேசும் சத்தம் கேட்டது. புவனேசன் கிரீம் கிராக்கரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எல்லாம் முடிந்தது என்று தெரிந்தது. இந்த வீட்டிலிருந்தும் சொல்லி அனுப்புவார்கள், அதாவது அனுப்ப மாட்டார்கள். முந்தின வீடுகளில் அப்படி ஆனபோது வெட்கமாக இருந்தது. இந்த வீட்டில் துக்கமாக இருந்தது.

அப்போது பையில் போன் அதிர்ந்தது. காளியம்மா அத்தையின் வாய்ஸ் மெசேஜ். செம்பருத்திச் செடி ஓரமாகப் போய், காதோடு வைத்துக் கேட்டான்.

"புவனேசா, ஜெயிச்சிட்டடா. பொண்ணு வீட்டுல இப்பதான் போன் பண்ணாங்க. உன்னை அவ்ளோ புடிச்சுப் போச்சாம். கூச்சமே இல்லாம ரெண்டு தட்டு கேசரி கேட்டு வாங்கி சாப்டியாமே? பொண்ணும் சரின்னு சொல்லிருச்சாம். பெரியவங்க எப்ப வரட்டும்னு கேக்குறாங்க. நீ சாமர்த்தியசாலிடா."

புவனேசன் அதை இன்னொரு முறை கேட்டான். அத்தை எதையும் நெய் ஊற்றாமல் சொல்ல மாட்டாள். கிரீம் கிராக்கரைக் கேசரியாக்கியது அவளுக்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் மற்றது? அந்த அம்மாள் சமையலறையில் போனில் பேசியது இதைத்தானா? கம்ப்யூட்டரைக் கொன்றுபோட்டவனைக்கூடப் பிடித்திருக்கிறது என்று சொல்லும் மனிதர்களா இவர்கள்? பொண்ணும் சரின்னு சொல்லிருச்சாம்.

அவன் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட குடும்பத்தைப் பொய் சொல்லி ஏமாற்றக்கூடாது என்று முடிவெடுத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் நடு ஹாலில் நின்றான்.

"அங்கிள், நான் ஒரு உண்மையைச் சொல்லணும்."

மாமனும் மச்சானும் சண்டையை நிறுத்தினார்கள். அந்த அம்மாள் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"நான் எஞ்சினியர் இல்ல. பிரிண்டருக்கு மை மாத்துறவன். லினக்ஸை இதுக்கு முன்னாடி நான் போட்டதே கிடையாது. எழுத்துலயும் தெரியாது, படத்துலயும் தெரியாது. இந்தப் பென்டிரைவ் சும்மா அழகுக்குத் தொங்குது."

அய்யாவு கறுப்புத் திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்புறம் ஏன் தம்பி தொட்டீங்க?" என்றார் அய்யாவு. கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

"இல்லன்னு சொன்னா வெளிய அனுப்பிருவீங்கன்னு பயம் அங்கிள்."

"நான் அப்பவே நெனச்சேன், கீபோர்டை டெஸ்ட் பண்றானாம்," என்று முணுமுணுத்தார் பரஞ்சோதி. ஆனால் அவர் குரலிலும் சூடு குறைந்திருந்தது. நேராக நின்று தெரியாது என்று சொல்லும் ஆளை அவர் எக்ஸ்சேஞ்சில்கூட அதிகம் பார்த்ததில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல," என்றாள் பாப்பா. திட்டுவது போல இல்லை. அவன் ஆறிப்போன கோப்பியை எடுத்துக்கொண்டு போய்ச் சூடாக இன்னொன்று கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

புவனேசனுக்கு அந்தக் கோப்பியைப் பிடித்ததும் எங்கிருந்தோ தைரியம் வந்தது. இதற்குமேல் பெரியவர்கள் வரட்டும் என்று காத்திருப்பது அநாவசியம் என்று தோன்றியது.

"உங்க எல்லாருக்கும் பெரிய மனசு," என்றான். "அத்தை இப்பதான் சொன்னாங்க. இவ்ளோ நடந்தும் என்னைப் புடிச்சிருக்குன்னு சொல்லியிருக்கீங்க. பாப்பாவுக்குச் சம்மதம்னா எனக்கும் முழுச் சம்மதம். உண்மையைச் சொன்னா, அந்தத் தட்டைக் கொண்டாந்து வச்சப்பவே எனக்குச் சம்மதம்."

சமையலறை வாசலில் கரண்டி கீழே விழுந்தது. பரஞ்சோதி கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பாப்பா அவனை நிமிர்ந்து பார்த்தாள். முகம் காது வரை சிவந்திருந்தது, ஆனாலும் அவள் உள்ளே ஓடவில்லை.

"என்ன சம்மதம் தம்பி?" என்றார் அய்யாவு, மிக மெதுவாக.

புவனேசன் பதில் சொல்ல வாய் திறந்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தோளில் ஸ்க்ரூடிரைவர் பையும் நெற்றியில் புதுக் குங்குமமும் கையில் ஒரு டப்பா கேசரியுமாக ஒருவன் நீல கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"சாரி அங்கிள், கம்ப்யூட்டர் கடை விக்னேஸ்வரன், பின்னாடி லோரோங் சந்துல இதே மாதிரி நீல கேட்டு வீட்டுக்குப் போயிட்டேன், கம்ப்யூட்டர் ஆளுன்னு சொன்னதுமே தெரியும் தெரியும்னு உக்கார வச்சு, கேசரி குடுத்து, சாந்தினின்னு ஒரு பொண்ணையும் காட்டிட்டாங்க, எனக்கும் புடிச்சிருந்துச்சு, அதான் கொஞ்சம் லேட்டாயிருச்சு."